ஆணியில் தொங்கிய ஜாக்கெட்: ஒரு சிறுகதையை முதல் பொறியிலிருந்து கடைசி வரி வரை கொண்டுபோவது எப்படி

எங்கள் தெருமுனைத் தையல் கடையில் ஒரு ஆணியில் ஜாக்கெட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அரக்கு நிறம், முழங்கை வரைக்கும் கை, வெளுத்துப்போன அக்குள். அளவுக்காக யாரோ கொடுத்த ஜாக்கெட். தைத்த புதுத் துணிகளை வாங்கிப் போனவர் இதைக் கேட்டு வாங்க மறந்திருக்கிறார். ஒவ்வொரு தடவை அந்தக் கடைப்பக்கம் போகும்போதும் என் கண் அதன்மேல் விழும். ஏன் இன்னும் இங்கே இருக்கிறது? மாஸ்டர் ஏன் இதைத் தூக்கிப் போடவில்லை? இரண்டு வருஷம் இந்தக் கேள்வி உறுத்தியது. கடைசியில் அது ஒரு கதையானது.

கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் பலரும் கரு கிடைக்காமல்தான் எழுதவில்லை என்று நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் கருவுக்குப் பஞ்சமே இல்லை. நமக்குப் புரியாத ஒன்று உறுத்தும்போது, ஒரு விளக்கத்தைச் சட்டென்று சொல்லி அதை மூடிவிடுகிறோம். மூடாமல் அந்த உறுத்தலோடு கொஞ்ச நாள் இருக்கத் தெரிந்தால் கதை வரும். அதை எப்படிச் செய்வது என்பதை அந்த ஜாக்கெட்டை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் கண்ணில் உறுத்தும் ஒரு பொருளை இப்போதே மனதில் எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள். வாசித்து முடிக்கும்போது உங்கள் கதைக்கும் பாதி வேலை நடந்திருக்கும்.

முதல் படி: நோட்டில் பொருளை எழுதுங்கள், கருத்தை எழுதாதீர்கள்

சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்குகிற ஒரு சின்ன நோட்டு போதும். போனில் எழுதினாலும் சரிதான். என்ன எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். "முதியோர் தனிமை பற்றி ஒரு கதை" என்று எழுதி வைத்தால் அது எங்கேயும் போகாது, ஏனென்றால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை அப்படியே எழுத வேண்டும். என் நோட்டிலிருந்து சில:

பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் போனில் சொன்னது: "அம்மாகிட்ட நீ சொல்லாத. நானே சொல்லிக்கிறேன். தீபாவளி முடியட்டும்."

ஆஸ்பத்திரி வாசல் இளநீர்க்காரர் "குடிக்கவா, கட்டிக் கொடுக்கவா" என்று யாரிடமும் கேட்பதில்லை. வருகிறவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்.

கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. எல்லாப் பத்திரிகையிலும் கையால் ஒட்டியிருக்கிறார்கள்.

மாமா வீட்டுச் சாவிக்கொத்தில் பூட்டு இல்லாத சாவிகள் நான்கு.

இவற்றில் எதற்கும் விளக்கம் எழுதவில்லை. அந்தப் பத்திரிகையை நினைத்துப் பாருங்கள். நானூறு பத்திரிகையில் உட்கார்ந்து பசை தடவி ஒட்டியது யார்? ஒட்டும்போது அந்தப் பெயர்க்காரர் அதே வீட்டில் இருந்தாரா? கேள்வி தானாகவே வருகிறது அல்லவா? பொருளை எழுதினால் இப்படி வரும்.

எழுத்தாளர் அசோகமித்திரன் சென்னையில் ஜெமினி சினிமா ஸ்டுடியோவில் பத்து வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவர். பத்திரிகைகளிலிருந்து பல விஷயங்கள் பற்றிய செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்த்து வைப்பது அங்கே அவருடைய வேலை. பார்த்தால் எழுத்தோடு சம்பந்தமில்லாத வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஸ்டுடியோவில் கண்ட மனிதர்கள்தான் பின்னால் 'கரைந்த நிழல்கள்' நாவலுக்குள் வந்தார்கள். நம் வேலை இடம், சமையலறை, ரேஷன் கடை வரிசை எதுவுமே எழுத்துக்கு இடைஞ்சல் இல்லை. நமக்கு மட்டும் தெரிந்த உலகம் அங்கேதான் இருக்கிறது. வங்கியில் இருப்பவருக்கு, அடகு நகை மீட்க வருகிறவர் எப்படி நகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார் என்று தெரியும். எனக்கு அது தெரியாது.

ஒரு நாளைக்கு ஒரு வரி என்று இரண்டு மாதம் எழுதுங்கள். அதற்குள் கதை எழுத அவசரப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: முழுக் கதையையும் கேட்டுவிடாதீர்கள்

இது பலருக்கும் வியப்பாக இருக்கும். ஒரு விஷயம் சுவாரசியமாக இருந்தால் அதைத் துருவித் துருவிக் கேட்கத்தானே தோன்றும்? தையல் மாஸ்டரிடம் "இது யாருடைய ஜாக்கெட்?" என்று நான் முதல் நாளே கேட்டிருக்கலாம். அவர் சொல்லியிருப்பார், என் உறுத்தல் அங்கேயே தீர்ந்திருக்கும்.

நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1893-ல் கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனில் ஒரு விருந்தில் பக்கத்தில் இருந்த பெண்மணி, ஒரு தாய்க்கும் அவருடைய ஒரே மகனுக்கும் வீட்டுச் சாமான்களுக்காக நடக்கும் சண்டையைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். கதைக்கு வேண்டியது அந்தச் சில சொற்களிலேயே ஜேம்ஸுக்குக் கிடைத்துவிட்டது. அந்தப் பெண்மணி மேலே விவரம் சொல்லச் சொல்ல, நல்ல வித்து கெட்டுப்போகிறதே என்றுதான் அவருக்குத் தோன்றியது. நடந்த விவரம் கதைக்கு ஆகாது என்று அவர் கண்டிருந்தார். பின்னால் அது ஒரு முழு நாவலானது.

கேள்விப்பட்டது பாதியில் நிற்கும்போதுதான் மீதியை நாம் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டும்போது நம்முடைய பயம், ஆசை, குற்ற உணர்வு எல்லாம் அதில் சேர்கிறது. முழுசாகத் தெரிந்த சம்பவத்தில் நமக்கு இடமே இருப்பதில்லை. "எங்கள் ஊரில் நடந்த உண்மைச் சம்பவம்" என்று எழுதப்படும் கதைகள் பல உயிரில்லாமல் கிடப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் காத்திருப்பது. 1872 ஜனவரியில் ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாயின் பக்கத்துப் பண்ணைக்காரர் வீட்டில் இருந்த அன்னா என்ற பெண் ரயில் முன் விழுந்து இறந்தார். டால்ஸ்டாய் நேரில் போய் உடலைப் பார்த்தார். 'அன்னா கரேனினா'வை அவர் எழுதத் தொடங்கியது அடுத்த வருஷம் மார்ச்சில். கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்வெஸ் தன் நாட்டில் 1951-ல் நடந்த ஒரு கொலையை நாவலாக வெளியிட்டது 1981-ல். முப்பது வருஷம் நாமும் காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பொருள் ஆறு மாதத்துக்குப் பிறகும் நினைவில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது உங்களுடையது.

மூன்றாம் படி: இன்னொன்று வந்து உரச வேண்டும்

ஜாக்கெட் மட்டும் கதை இல்லை. அது ஒரு பாதி. இன்னொரு பாதி வேறெங்கிருந்தோ வந்தது.

என் அத்தை இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வீட்டுப் பெண்கள் அவருடைய பீரோவைத் திறந்தார்கள். பட்டுப்புடவைகள் பிரிக்கப்பட்டன. நூல் புடவைகளைக்கூட ஞாபகத்துக்கு என்று ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். ஜாக்கெட்டுகள் மட்டும் கட்டிலில் குவியலாகக் கிடந்தன. யாருக்கும் சேராது. புடவை யார் கட்டினாலும் பொருந்தும். ஜாக்கெட் ஒருத்திக்கு மட்டும்தான் பொருந்தும். அந்தக் குவியலைப் பார்த்தபோது எனக்குத் தெருமுனை ஆணி ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் கதை தொடங்கியது என்று சொல்வேன்.

இதைத் திட்டமிட்டும் செய்யலாம். நோட்டை எடுங்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு குறிப்புகளை அருகருகே வையுங்கள். இளநீர்க்காரரையும், தீபாவளி முடியட்டும் என்ற பெண்ணையும் சேர்த்துப் பாருங்கள். அவர் அவள் முகத்தைப் பார்த்து என்ன முடிவு செய்வார்? எல்லா ஜோடியும் ஒட்டாது. பத்தில் ஒன்று ஒட்டினால் போதும்.

ஒட்டிய பிறகு "அப்படியானால் என்ன நடந்திருக்கும்?" என்று பதில்களை வரிசையாக எழுத வேண்டும். நான் ஜாக்கெட்டுக்கு எழுதியவற்றில் முதலில் வந்தது: மாஸ்டர் இளவயதில் காதலித்த பெண்ணின் ஜாக்கெட் அது. இரண்டாவது: இறந்த மனைவியின் ஜாக்கெட். மூன்றாவது: இரவில் அதை யாரோ போட்டுக்கொள்கிறார்கள். முதல் மூன்றையும் அடித்துவிட்டேன். முதலில் வருகிறவை நம் மனதில் ஏற்கெனவே இருக்கும் சினிமாக்களிலிருந்து வருகின்றன. அவை நம்முடையவை இல்லை. ஏழு, எட்டைத் தாண்டும்போதுதான் நமக்கே புதிதான ஒன்று வரும்.

எனக்கு ஒன்பதாவதாக வந்தது இது. ஒரு வயதானவர் மனைவிக்கு ஜாக்கெட் தைக்கத் துணி கொண்டுவருகிறார். மனைவி நடமாட முடியாதவர், அதனால் எப்போதும் அவர்தான் வருவார். ஒரு நாள் வேறொரு வாடிக்கையாளர் மூலம் மாஸ்டருக்குத் தெரிகிறது, அந்த அம்மாள் இறந்து நான்கு மாதமாகிறது. அதற்கப்புறமும் இரண்டு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறார். இப்போது பெரியவர் மறுபடியும் துணியோடு வருகிறார். "அதே அளவுதான்" என்கிறார்.

இதை எழுதியபோது எனக்குக் கை நடுங்கியது. அப்படி ஏதாவது நடந்தால் அந்தப் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: முடிவெடுக்க வேண்டியவர் யார்?

ஒரே நிகழ்ச்சியை மூன்று பேர் கண்ணால் சொல்லலாம்: பெரியவர், மாஸ்டர், கடையில் உட்கார்ந்து ஊக்கு கட்டும் மாஸ்டரின் மனைவி. முதலில் பெரியவர் பக்கமிருந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கத்தில் கண்ணீர்க் கதையாகிவிட்டது. அவருடைய துக்கம் பெரிது, ஆனால் அவர் செய்ய வேண்டிய முடிவு ஒன்றும் இல்லை. அவர் துணி கொண்டுவருவார், அவ்வளவுதான்.

மாஸ்டருக்கு நிலைமை வேறு. தைத்துக் கொடுத்தால் இல்லாத ஒருவருக்காகக் கூலி வாங்குகிறார். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வேண்டும். இலவசமாகத் தைத்தால் தனக்குத் தெரியும் என்பது பெரியவருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் போனாலும் ஒன்று போகும். அவர்தான் கதைக்குரியவர்.

உங்கள் கதைக்கும் இதையே கேளுங்கள். அதிகம் கஷ்டப்படுகிறவரைத் தேடாதீர்கள். எந்த வழியில் போனாலும் எதையோ இழக்கப்போகிறவரைத் தேடுங்கள். அவருக்கு என்ன வேண்டும், எது அவரைத் தடுக்கிறது என்று ஒவ்வொரு வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டால் எழுதும்போது வழி தப்பாது.

ஐந்தாம் படி: அந்தத் தொழிலுக்குள் போய் உட்காருங்கள்

கற்பனை என்றால் எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று பொருள் இல்லை. நான் வேறொரு பேட்டையில் உள்ள தையல் கடையில் இரண்டு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெரு மாஸ்டரிடம் போனால் அந்த ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டுவிடுவேன் என்று பயம்.

உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டவை: லைனிங் துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும். அளவு நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் துணியின் சின்னத் துண்டை பின் அடித்து வைக்கிறார்கள். யார் துணி எது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே டீ குடிக்கிறார்கள்.

இவையெல்லாம் கதைக்கு உதவின. ஆனால் இரண்டாம் நாள் பார்த்த ஒன்று கதையையே மாற்றிவிட்டது. ஜாக்கெட்டின் பக்கத் தையலில் உள்பக்கமாகக் கூடுதல் துணி விட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று தையல் போடுகிறார்கள். எதற்கு என்று கேட்டேன். "உடம்பு போட்டா ஒரு தையலப் பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்றார் அந்த மாஸ்டர், பாபினில் நூல் சுற்றிக்கொண்டே.

வரப்போகும் உடம்புக்கு இடம் விட்டுத் தைக்கிறார்கள். இறந்துபோன பெண்ணுக்குத் தைக்கும்போது மாஸ்டர் அந்த உள்தையலைப் போடுவாரா, மாட்டாரா? எனக்குக் கதையின் முடிவு கிடைத்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து எத்தனை நாள் யோசித்திருந்தாலும் இது கிடைத்திருக்காது.

தொழில் சொற்களைக் கேட்டு வாங்குங்கள். இடைசெவல் விவசாயியும் எழுத்தாளருமான கி. ராஜநாராயணன் கரிசல் காட்டு மக்கள் பேசிய சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதியே உருவாக்கினார், 1982-ல் அது வெளிவந்தது. மண்ணுக்கும் மாட்டுக்கும் மழைக்கும் அந்த மக்கள் வைத்திருந்த சொற்கள் அவருடைய கதைகளில் இயல்பாக வந்து உட்கார்ந்தன. நாம் அகராதி போட வேண்டாம். நம் கதைக்குத் தேவையான இருபது சொற்களை அந்தத் தொழில் செய்கிறவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டால் போதும். அதில் ஐந்தோ ஆறோதான் கதைக்குள் வரும். மீதி நமக்குத் தைரியம் தரும்.

ஆறாம் படி: எங்கே தொடங்குவது

1930-ல் ஒரு விஜயதசமி நாளில், பாட்டி குறித்துக் கொடுத்த நல்ல நேரத்தில், ஆர். கே. நாராயண் ஒரு நோட்டு வாங்கி எழுத உட்கார்ந்தார். ஒரு சின்ன ரயில் நிலையம் மனதில் வந்தது, அவர் கதைகள் நடக்கும் கற்பனை ஊரான மால்குடியின் பெயரும் வந்தது. முழு ஊரும் அன்றைக்கு வரவில்லை. தெருக்களும் ஆறும் மனிதர்களும் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எழுதத் தொடங்குவதற்கு ஒரு ரயில் நிலையம் போதும்.

எழுத உட்காருவதற்கு எந்த இடமும் சரி. ஆனால் வாசகருக்குக் கதை தொடங்கும் இடம் வேறு. என் முதல் பிரதியில் தெரு வர்ணனை, கடை வர்ணனை, மாஸ்டர் தொழில் கற்ற வரலாறு என்று இரண்டு பக்கம் போனது. பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெரியவர் துணியை மேசைமேல் வைக்கும் இடத்தில் தொடங்கினேன். அந்த நேரத்தில் மாஸ்டருக்கு மரணச் செய்தி ஏற்கெனவே தெரியும். முதல் வரியிலேயே இக்கட்டு வந்துவிட்டது. எடுத்துப்போட்ட இரண்டு பக்கமும் வீண் என்று நினைக்கவில்லை. அந்தக் கடைக்குள் நான் நுழைய அவை தேவைப்பட்டன.

ஏழாம் படி: முதல் பிரதி

இதில் சொல்ல அதிகம் இல்லை. தினமும் ஒரே நேரம், நாற்பது நிமிடம், போன் வேறு அறையில். எழுதியதைத் திருத்தாமல் முன்னே போய்க்கொண்டே இருக்க வேண்டும். சொல் கிடைக்காத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போங்கள். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு நல்ல வழி சொன்னார்: அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிட வேண்டும், மறுநாள் அங்கிருந்து சுலபமாகப் போகலாம். நான் இன்னும் கொஞ்சம் போய், அடுத்த வாக்கியத்தில் பாதியை எழுதி நிறுத்துவேன். வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. மறுநாள் உட்கார்ந்ததும் வெள்ளைத் தாளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

எட்டாம் படி: பேச்சு

தமிழில் கதை எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வருணனையில் எழுத்துத் தமிழ், உரையாடலில் பேச்சுத் தமிழ் என்று வைத்துக்கொள்வது பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் பேச்சுத் தமிழ் என்பது வினைச்சொல்லின் வாலை வெட்டுவது மட்டும் இல்லை. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

என் கதையின் முதல் பிரதியில் இப்படி இருந்தது:

"உங்க சம்சாரம் தவறிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன் சார். ரொம்ப வருத்தமா இருக்கு."

"ஆமா மாஸ்டர். என்னால அவ இல்லாம இருக்க முடியல. அதான் இன்னும் துணி வாங்கிட்டு வர்றேன்."

மொழி பேச்சு மொழிதான். ஆனாலும் இது பொய். எந்தப் பெரியவரும் தையல் கடையில் நின்று இப்படி மனதைத் திறந்து வைக்க மாட்டார். அப்புறம் ஒன்று கவனித்தேன். அந்தத் தலைமுறை ஆண்கள் மனைவி பெயரைச் சொல்வதே குறைவு. "வீட்ல" என்பார்கள். "வீட்ல கேட்டாங்க", "வீட்ல சொல்லியனுப்பினாங்க." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு திரும்ப எழுதினேன்:

"போன தடவ தச்சது சரியா இருந்துச்சா, சார்?"

"இருக்குன்னாங்க."

மாஸ்டர் துணியைப் பிரித்து ஒரு தடவை உதறினார். மறுபடி மடித்தார்.

"கை மட்டும் கொஞ்சம் எறக்கமா வேணுமாம் வீட்ல. குளிருதாம்."

"சரிங்க சார்."

இறந்தவர் என்ற சொல்லே வரவில்லை. "குளிருதாம்" என்பதில் உள்ள 'ஆம்' எல்லாவற்றையும் சுமந்துகொள்கிறது. யாரோ சொன்னதைச் சொல்வதாக ஒலிக்கும் அந்த விகுதி தமிழ் நமக்குத் தந்த கொடை. இப்படிப்பட்டவை நம் மொழியில் நிறைய உண்டு. 'நீ', 'நீங்க', 'வாங்க', 'வாடா' என்று மரியாதை ஏறி இறங்குவதை வைத்தே ஒரு உறவு உடைவதைக் காட்டிவிடலாம். ஒரு மகன் அப்பாவை நாள் முழுக்க 'நீ' என்று பேசிவிட்டுச் சொத்துப் பேச்சு வந்ததும் 'நீங்க' என்று மாறினால் அதற்குமேல் விளக்கம் எதற்கு?

உரையாடலை எழுதி முடித்ததும் வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு முட்டும் வரியை யாரும் பேச மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: வெட்டுவது

முதல் பிரதியைக் குறைந்தது இரண்டு வாரம் பார்க்காமல் வையுங்கள். பிறகு தாளில் அச்சிட்டோ கையால் பெயர்த்தெழுதியோ படியுங்கள். திரையில் தெரியாத குறை தாளில் தெரியும். நான் மூன்று விஷயத்தைத் தேடுவேன்.

ஒன்று, உணர்ச்சிக்குப் பெயர் வைத்த இடங்கள். 'துக்கம் தொண்டையை அடைத்தது', 'கண்கள் பனித்தன', 'சொல்ல முடியாத வேதனை'. என் பிரதியில் இப்படிப் பதினொரு இடம் இருந்தது. பத்தை நீக்கினேன். மாஸ்டர் துணியை உதறி மறுபடி மடிப்பதே போதும் என்று தெரிந்தது.

இன்னொன்று, நான் எட்டிப் பார்க்கும் இடங்கள். தையலைப் பற்றிக் கற்றதையெல்லாம் காட்ட ஆசைப்பட்டு, லைனிங் நனைப்பதைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். கதைக்கு அது வேண்டாம். மனசில்லாமல்தான் எடுத்தேன்.

கடைசியாக, முடிவு. கதை முடிந்த பிறகும் நாம் எழுதிக்கொண்டே போவோம். மாஸ்டர் துணியை வெட்டுகிறார், தைக்கிறார், பக்கத் தையலுக்கு வருகிறார், எப்போதும்போல உள்ளே துணி விட்டு இரண்டாவது தையலைப் போடுகிறார். அங்கே முடிகிறது. ஆனால் நான் அதற்குப் பிறகு, "நாளை அவள் உடம்பு தேறினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்பதுபோல" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நல்ல வரி என்று பெருமையாகவும் இருந்தது. பல நாள் கழித்துத்தான் அது வாசகரை நம்பாத வரி என்று புரிந்தது. உள்தையல் எதற்கு என்று கதையின் நடுவில் வேறொரு வாடிக்கையாளர் வழியாகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். அதனால் முடிவில் விளக்கம் தேவைப்படவில்லை. முடிவு நன்றாக அமைய வேண்டுமானால் பல சமயம் நடுவில்தான் வேலை செய்ய வேண்டும். முடிவில் ஏதோ குறைகிறது என்று தோன்றினால் பின்னோக்கிப் போய், வாசகருக்கு எதை முன்பே கொடுக்காமல் விட்டோம் என்று பாருங்கள்.

'எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்' நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே 1958-ல் வெளியான ஒரு பேட்டியில் சொன்னார். என்ன சிக்கல் என்று கேட்டதற்கு, சொற்களைச் சரியாக அமைப்பதுதான் என்றார். என் கதை ஆறு தடவையில் நின்றது. 2,200 சொல்லில் தொடங்கி 1,500-க்கு வந்தது.

பத்தாம் படி: மற்றவர் வாழ்க்கை, முதல் வாசகர், அனுப்புவது

பார்த்ததிலிருந்து எழுதும்போது யாராவது காயப்படலாம். என் அத்தையின் பீரோ கதைக்குள் வரவே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதிலிருந்து எனக்கு வேண்டியது ஒரு உண்மை மட்டும்: ஜாக்கெட் ஒருத்திக்குத்தான் சேரும். அதை எடுத்துக்கொண்டு, அந்தப் பெண்களையும் அவர்கள் பிரித்த புடவைகளையும் விட்டுவிட்டேன். ஊர், தொழில், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை இவற்றை மாற்றுவது குறைந்தபட்சக் கடமை. அதற்கும் மேலே, சம்பந்தப்பட்டவர் வாசித்தால் தான் விற்கப்பட்டதாக நினைப்பாரா என்று கேட்டுப்பாருங்கள். நினைப்பார் என்று தோன்றினால் இன்னும் சில வருஷம் அந்தக் கதை நோட்டிலேயே இருக்கட்டும்.

முதல் வாசகராக ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். "எந்த இடத்தில் நிறுத்திவிட்டு டீ போடப் போகலாம் என்று தோன்றியது?" என்று கேளுங்கள். அந்த இடத்தைச் சரிபாருங்கள். அவர் சொல்லும் தீர்வை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அவர் காட்டும் இடத்தில் பெரும்பாலும் ஏதோ கோளாறு இருக்கும்.

பிறகு இதழுக்கு அனுப்புங்கள். அதற்கு முன் அந்த இதழை நான்கு மாதமாவது வாசித்திருக்க வேண்டும். யூனிகோடில் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே இதழுக்கு அனுப்பி, அனுப்பிய தேதியைக் குறித்து வையுங்கள். கதையைப் பற்றி நீளமான முன்னுரை எழுதி அனுப்ப வேண்டாம். திரும்பி வந்தால் ஒரு தடவை படித்து, மாற்றத் தோன்றினால் மாற்றி, அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள்.

கதையை அனுப்பிய மறுநாள், மனசு கேட்காமல் தெருமுனைக் கடைக்குப் போனேன். ஜாக்கெட் ஆணியிலேயே இருந்தது. யாருடையது என்று கேட்டேன்.

"அதுவா? ஒரு டீச்சரம்மா குடுத்தது. மாற்றலாகி வெளியூர் போய்ட்டாங்க."

"இத்தன நாள் எடுத்துப் போடாம வச்சிருக்கீங்களே?"

மாஸ்டர் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவங்க வந்தா கேப்பாங்கல்ல?"